தோல் வழியே ஒளியால் அளக்கும்போது: எண் நிலையாக நிற்கிறது, ஆனால் சரியாக இல்லை

கார்முகில்:

வணக்கம். மின்னணுவியல் நான் படித்த படிப்பு இல்லை, ஆர்வத்தில் செய்கிறேன். அப்பாவுக்கு நுரையீரல் தொந்தரவு இருப்பதால் வீட்டில் எப்போதும் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) இருக்கும். அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, சிவப்பு, அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் மேக்ஸ்30102 சென்சாரை ஒரு சின்ன கன்ட்ரோலரோடு இணைத்து நானே ஒன்று கட்டினேன்.

துடிப்பு அலை திரையில் தெளிவாக ஓடுகிறது. நாடி எண்ணிக்கையும் சரியாக வருகிறது. ஆனால் ஆக்சிஜன் அளவு மட்டும் 91, 97, 94 என்று குதித்தபடி இருந்தது. சரி, 30 விநாடிக்குச் சராசரி எடுப்போம் என்று எடுத்தேன். இப்போது எண் அசையாமல் 94-இல் நிற்கிறது. அதே நேரம் பக்கத்து விரலில் மாட்டிய வாங்கிய கருவி 98 காட்டுகிறது. நாலு நாளாகப் பார்க்கிறேன், அதே 4 குறைகிறது. ஆக்சிஜனைக் கணக்கிட 110 − 25 × ஆர் என்ற சூத்திரத்தைத்தான் போட்டிருக்கிறேன்.

சராசரி நேரத்தை இன்னும் நீட்டினால் சரியாகுமா? எல்இடி வெளிச்சத்தைக் கூட்டினால் போதுமா? இல்லை, கடைசியில் ஒரு 4-ஐக் கூட்டிவிட்டால் முடிந்ததா? அப்படிக் கூட்ட மனசு வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நாடிக்கணக்கு:

அந்த 4-ஐக் கூட்டாதே தம்பி. உன் மனசு சொன்னதுதான் சரி.

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பதும் சோதிப்பதும் என் வேலை. முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். எண் குதிப்பது ஒரு நோய், எண் ஒரே பக்கமாகச் சாய்வது வேறொரு நோய். சராசரி முதல் நோய்க்கு மட்டும்தான் மருந்து. ஒரு பக்கம் சாய்ந்த தராசில் நூறு தடவை நிறுத்துச் சராசரி எடுத்தாலும் சாய்வு அப்படியேதான் இருக்கும். இன்னும் சொன்னால், குதிப்பு அடங்கியதும் 'சரியாகிவிட்டது' என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அதுதான் ஆபத்து.

இனி உன் 4 எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். ஆர் என்பது என்ன? சிவப்பு ஒளியில் துடிப்போடு ஆடும் பகுதியை, ஆடாமல் நிற்கும் பகுதியால் வகுக்கிறோம். அகச்சிவப்பிலும் அப்படியே செய்கிறோம். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஆர். உன் சூத்திரப்படி 98% என்றால் ஆர் 0.48 இருக்க வேண்டும். உனக்கு 94 வருவதால் ஆர் 0.64 ஆக வருகிறது.

அகச்சிவப்பில் துடிப்பு 1%, சிவப்பில் 0.48% என்று வைத்துக்கொள். இப்போது உன் விரல் லேசாக நடுங்குகிறது. நடுக்கத்துக்கு நிறம் தெரியாது. ஒளி போகும் பாதையை அது அசைக்கிறது, இரண்டு நிறத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆட்டத்தைச் சேர்க்கிறது. அந்த ஆட்டம் 0.44% என்றால் சிவப்பு 0.92, அகச்சிவப்பு 1.44. வகுத்துப் பார், 0.64. சூத்திரத்தில் போடு, 94. நடுக்கம் பெரிதாகிக்கொண்டே போனால் ஆர் 1-ஐ நெருங்கும், எண் 85-ஐ நோக்கி இறங்கும். அசைவு அதிகமானாலோ சிக்னல் செத்துப்போனாலோ பழைய கருவிகள் 85 பக்கம் போய் நிற்பது இதனால்தான்.

நீ விரலை எப்படி வைக்கிறாய்? சென்சாரின் மேல் கையால் அழுத்திப் பிடித்தபடியா?

கார்முகில்:

ஆமாம் அண்ணா, பலகையின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான். நீங்கள் சொன்ன பிறகு ஒன்றைக் கவனித்தேன். மெல்ல அழுத்தத்தைக் கூட்டினால் அலை முதலில் உயரமாகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் நகத்தடி வெளுக்கிறது, அலை சுருங்கிக் காணாமலே போகிறது. ரொம்ப லேசாக வைத்தால் அலைக்கு மேல் இன்னொரு மெதுவான ஆட்டம் ஏறிக்கொள்கிறது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது வருகிறது.

நாடிக்கணக்கு:

நல்ல கண் உனக்கு. மூச்சோடு வரும் அந்த மெதுவான ஆட்டத்தில் சிரை ரத்தத்தின் பங்கு பெரிது. சிரையில் ஆக்சிஜன் குறைவு. 'துடிப்பது எல்லாம் தமனி ரத்தம்' என்பதுதான் இந்தக் கருவியின் அடிப்படை நம்பிக்கை. சிரையும் சேர்ந்து ஆடினால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும், எண் கீழே போகும்.

அழுத்தம் கூடும்போது அலை உயர்ந்து பிறகு சாவதற்கும் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் அழுத்தமும் தமனிக்குள் இருக்கும் அழுத்தமும் சமமாகும் இடத்தில் தமனிச் சுவர் மிகத் தளர்ந்து ஆடுகிறது, அங்கே அலை உச்சம். அதைத் தாண்டினால் குழாய் நசுங்குகிறது. அதனால் அழுத்தத்தை உன் கையிடம் விடாதே. மென்மையான ஸ்பிரிங் வைத்த பிடிப்பான் ஒன்று செய். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு நுரை வை. எல்இடியிலிருந்து தோலுக்குள் போகாமலே நேராகச் சென்சாரின் ஒளி உணரும் பகுதிக்கு வந்து சேரும் ஒளியை அது தடுக்கும். அந்த ஒளி எந்தச் செய்தியும் கொண்டு வராது, ஆனால் கீழே வகுக்கும் எண்ணில் மட்டும் சேர்ந்துகொள்ளும்.

வினாத்தாள்:

ஒரு அடிப்படைச் சந்தேகம். 110 − 25 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? ஹீமோகுளோபின் எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சும் என்ற அட்டவணை இருக்கிறதே. ஒரு பொருள் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்று சொல்லும் பீர்–லாம்பர்ட் விதியில் போட்டு நேரடியாகவே கணக்கிடலாமே? எதற்கு அனுபவச் சூத்திரம்?

நாடிக்கணக்கு:

போட்டுப் பார்ப்போம். சிவப்பு ஒளியின் அலைநீளமான 660 நானோமீட்டரில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினின் உறிஞ்சல் எண் சுமார் 320, ஆக்சிஜன் இல்லாததற்குச் சுமார் 3227. அகச்சிவப்பான 940-இல் முறையே 1214, 693. முழுக்க ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கு ஆர் எவ்வளவு? 320-ஐ 1214-ஆல் வகுத்தால் 0.26. ஆனால் அனுபவச் சூத்திரத்தில் 100% வர ஆர் 0.4 ஆக இருக்க வேண்டும். 85%-க்கு அட்டவணைக் கணக்கு 0.67 தருகிறது, அனுபவம் 1 என்கிறது. இடைவெளி சின்னது இல்லை.

காரணம் சிதறல். பீர்–லாம்பர்ட் விதி தெளிந்த திரவத்தில் நேராகப் போகும் ஒளிக்கானது. தோலுக்குள் ஒளி நேராகப் போவதே இல்லை. டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் கை முழுவதும் சிவப்பாக ஒளிர்கிறதே, அதுதான் சிதறல். சிவப்பு எவ்வளவு தூரம் சுற்றி வருகிறது, அகச்சிவப்பு எவ்வளவு தூரம் சுற்றி வருகிறது என்பதும் ஒன்றுபோல் இருக்காது. அந்தப் பாதை நீளம் தோலின் தடிமன், ரத்தத்தின் அளவு, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் பொறுத்து மாறும்.

அதனால்தான் ஆரோக்கியமான தன்னார்வலர்களை மருத்துவக் கண்காணிப்பில் ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியில் ரத்தம் எடுத்து, கோ-ஆக்சிமீட்டர் என்ற ஆய்வகக் கருவியில் உண்மையான அளவைப் பார்த்து, அதோடு ஆர் மதிப்பைப் பொருத்திக் கருவிக்குள் அட்டவணையாக வைக்கிறார்கள். 70%-க்குக் கீழே மனிதர்களைக் கொண்டுபோவது பாதுகாப்பில்லை. ஆகவே அதற்குக் கீழே திரையில் வரும் எண்ணெல்லாம் நீட்டிப் போட்ட கோடுதான்.

ஜப்பானில் தக்குவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் இந்த விகிதத்தின் விகிதம் என்ற யோசனையைக் கொண்டுவந்தார். அவர் முதலில் பார்த்தது ஆக்சிஜனை அல்ல. சாயம் செலுத்தி இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் காது வழியே ஒளியால் அளக்கப் போனார், துடிப்பு குறுக்கே வந்து தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையையே அளவுகோலாக மாற்றினார். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதை இது. தொல்லையை வெறுமனே வடிகட்டித் தள்ளாமல், அது ஏன் வருகிறது என்று கேட்டதால் கிடைத்தது.

கார்முகில், இன்னொன்று. நீ வைத்திருக்கும் சென்சாரில் அகச்சிவப்பு 880 நானோமீட்டர். நீ போட்ட சூத்திரம் 940-ஐ ஒட்டியது. 880-இல் எண்கள் 1154, 726. கணக்கிட்டால் ஆர் 4, 5 சதவீதம் மாறுகிறது, ஆக்சிஜனில் அரையிலிருந்து ஒரு புள்ளி வரை. உன் 4 இதனால் மட்டும் வரவில்லை, ஆனால் இதுவும் அதில் ஒரு பங்கு. சிவப்பு எல்இடியில் இன்னும் கவனம் வேண்டும். 660-இலிருந்து 670-க்கு நகர்ந்தாலே ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் உறிஞ்சல் 13% குறைகிறது. எல்இடி சூடானால் அலைநீளம் நகரும். அந்தச் சிப்புக்குள் ஒரு வெப்பமானியை வைத்திருப்பது இதற்காகத்தான். வெளிச்சத்தைக் கூட்டும் ஆசையில் மின்னோட்டத்தை 51 மில்லிஆம்பியர் வரை ஏற்றி வைத்தால் அதையே சூடாக்குகிறாய்.

இரவுப்பணி:

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எனக்கு ஆர் எல்லாம் தெரியாது, ஆனால் எந்த எண்ணை நம்பலாம் என்பது கைக்குத் தெரியும்.

நாங்கள் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை, அலையைப் பார்க்கிறோம். அலை ஒழுங்காக இருக்கிறதா, அதில் வரும் நாடியும் ஈசிஜி நாடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் எண். கை சில்லிட்டிருந்தால் போர்த்திச் சூடேற்றுவோம், இல்லையென்றால் காது மடலுக்கு மாற்றுவோம். ரத்த அழுத்தப் பட்டை கட்டிய கையில் மாட்டினால் பட்டை ஊதும்போதெல்லாம் அளவு விழும், அதனால் மறு கையில். கறுப்பு, நீல நகப்பூச்சு இருந்தால் துடைப்போம், முடியாவிட்டால் விரலின் பக்கவாட்டில் மாட்டுவோம். அறையில் பலமான விளக்கு இருந்தால் விரலைத் துணியால் மூடுவோம். இதெல்லாம் ஒரு நிமிட வேலை, ஆனால் அளவு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு இரவு இன்னும் மனதில் நிற்கிறது. கருமையான நிறமுள்ள ஒரு பெரியவர். திரையில் 94, அலையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்தால் சரியில்லை. கேள்வி கேட்டால் பதில் தாமதமாக வந்தது, நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. மருத்துவரை அழைத்துத் தமனி ரத்தம் எடுத்தோம். 87 என்று வந்தது. கருவி கெட்டுப்போகவில்லை, வேறொருவருக்கு மாட்டினால் சரியாகவே காட்டியது. அன்றிலிருந்து எண் ஒன்று சொல்லி ஆள் வேறு சொன்னால் நான் ஆளைத்தான் நம்புகிறேன்.

நேர்க்கோடு:

இரவுப்பணி அக்கா சொன்னதில் ஒரு சந்தேகம். மரியாதையோடுதான் கேட்கிறேன். தோலின் நிறம் ஆடுவதில்லையே? அது நிலையான பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. துடிக்கும் பகுதியை நிலையான பகுதியால் வகுக்கும்போதே தோலுக்கு நிறம் தரும் மெலனின் கழிந்துவிட வேண்டும். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. அந்த 94 வேறு காரணத்தால் வந்திருக்கலாம் இல்லையா?

நாடிக்கணக்கு:

நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன், நேர்க்கோடு. அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. அந்த ஒரு நோயாளிக்கு என்ன காரணம் என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 'வகுத்தால் கழிந்துவிடும்' என்பது ஒரே ஒரு அலைநீளமுள்ள ஒளிக்குத்தான் உண்மை.

எல்இடி ஒரே அலைநீளம் விடுவதில்லை. 660 என்று எழுதியிருந்தாலும் அதன் இரு பக்கமும் சில நானோமீட்டர் பரவிய ஒளிக்கற்றை அது. மெலனின் குறைந்த அலைநீளத்தை அதிகம் விழுங்கும். ஆகவே மெலனின் கூடிய தோலைத் தாண்டும்போது கற்றையின் குட்டைப் பக்கம் கூடுதலாகத் தேய்கிறது. ரத்தத்தைப் போய்ச் சேரும் ஒளியின் நடு அலைநீளம் நீண்ட பக்கம் நகர்கிறது. நீண்ட பக்கத்தில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் குறைவாகவே உறிஞ்சும் என்று மேலே பார்த்தோம். ஆர் குறைகிறது, எண் உயர்கிறது. அதாவது இல்லாத ஆக்சிஜனை இருப்பதாகக் காட்டுகிறது. இது ஒரு விளக்கம். சிதறலால் பாதை மாறுவதும், சிக்னல் தேய்வதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

இது ஏட்டளவில் நிற்கும் விஷயமும் இல்லை. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மிச்சிகன் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது தமனி ரத்தத்தில் 88-க்கும் கீழே இருந்தது எத்தனை அளவீடுகளில் என்று பார்த்தார்கள். கறுப்பின நோயாளிகளிடம் 11.7%, வெள்ளையர்களிடம் 3.6%. 1990-லேயே ஜுப்ரான், டோபின் இருவரும் இதே திசையில் எழுதியிருந்தார்கள். 30 வருடம் கிடப்பில் கிடந்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. இரவுப்பணி அம்மா மாதிரி ஆளைப் பார்ப்பவர்கள் இருந்த இடத்தில் தப்பித்தார்கள், எண்ணை மட்டும் பார்த்த இடங்களில் என்ன ஆகியிருக்கும்.

இதற்கு வேர் அளவுத்திருத்தத்தில் இருக்கிறது. மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்டிஏவின் 2013 வழிகாட்டுதலில் குறைந்தது 10 பேரை வைத்துச் சோதித்தால் போதும். அதில் கருமையான நிறமுள்ளவர்கள் 2 பேர் அல்லது 15%, எது அதிகமோ அது. பத்தில் இரண்டு பேரை வைத்து ஒரு சாய்வைக் கண்டுபிடிக்க முடியுமா? 2025 ஜனவரியில் வந்த வரைவு குறைந்தது 150 பேரைக் கேட்டது, நிறத்தையும் கண்ணால் பார்த்துச் சொல்வதோடு நிறுத்தாமல் கருவியாலும் அளக்கச் சொன்னது.

நேர்க்கோடு:

விளக்கத்துக்கு நன்றி. எல்இடியின் கற்றை அகலத்தை நான் யோசிக்கவே இல்லை. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நிறத்தை அளப்பது என்றால் எப்படி? ஃபிட்ஸ்பாட்ரிக் வகை 1 முதல் 6 வரை என்கிறார்களே, அதுவா?

நாடிக்கணக்கு:

அது 1975-இல் தொடங்கியது, வெயிலில் தோல் எப்படிப் பொசுங்குகிறது என்று கேட்டு வகைப்படுத்துவது. ஒளி எவ்வளவு உள்ளே போகும் என்று அது சொல்லாது. கலரிமீட்டர் வைத்து ஐடிஏ என்ற கோணத்தைக் கணக்கிடுவது மேல். வெளிச்ச மதிப்பிலிருந்து 50 கழித்து, மஞ்சள்–நீல மதிப்பால் வகுத்து, அதற்குரிய கோணம். 55 டிகிரிக்கு மேல் மிக வெளிர், −30-க்குக் கீழே மிகக் கருமை. அப்புறம், அளக்கும் இடம் முக்கியம். கன்னத்தில் நிறத்தை அளந்து விரலில் ஆக்சிஜனை அளந்தால் பொருந்தாது.

தரவுப்பிரியன்:

எல்லாரும் இயற்பியலிலேயே நிற்கிறீர்கள். நிறைய தரவு கொடுத்தால் நரம்பு வலை என்ற கணினி மாடலே இந்தச் சாய்வையெல்லாம் கற்றுக்கொள்ளாதா? நான் கைக்கடிகார சென்சாரின் அலையை வைத்து ரத்தச் சர்க்கரையைக் கணிக்கப் பார்க்கிறேன். சர்க்கரைக் கரைசல் குடித்துவிட்டு 2 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்தேன், விரலில் குத்தியும் அளந்தேன். மாடலின் கணிப்பும் உண்மை அளவும் கைகோத்துப் போகின்றன. நேரம் ஆக ஆக ஏறுவதும் இறங்குவதும்கூட அப்படியே வருகிறது.

நாடிக்கணக்கு:

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தயவுசெய்து ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் சர்க்கரை குடிக்காமல், வெறும் தண்ணீர் குடித்துவிட்டு அதே 2 மணி நேரம் உட்கார்ந்து பதிவு செய்து, அதை மாடலிடம் கொடுங்கள். அப்போதும் ஏறி இறங்கினால் மாடல் சர்க்கரையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறது.

2 மணி நேரத்தில் தோல் சூடாகிறது, பட்டைக்கு அடியில் வியர்க்கிறது, எல்இடி வெப்பமடைகிறது, உட்கார்ந்த நிலை தளர்கிறது. இவை எல்லாமே மெதுவாக நகரும் கோடுகள். சர்க்கரையும் மெதுவாக ஏறி இறங்கும் ஒரே ஒரு மேடு. மெதுவான கோடுகள் நாலைந்து கிடைத்தால் எந்த மேட்டையும் வரைந்துவிடலாம். 1998-இல் ஆர்னால்ட், பர்மைஸ்டர், ஸ்மால் மூவரும் இதைத்தான் காட்டினார்கள். சர்க்கரையே இல்லாத மாதிரிப் பொருளில் நிறமாலை எடுத்து, மனிதர்களிடம் எடுத்த சர்க்கரை அளவுகளை அதோடு வரிசையாகப் பொருத்தினார்கள். கணித மாடல் அதற்கும் ஒரு 'உறவை'க் கண்டுபிடித்துக் கொடுத்தது.

ஆக்சிஜனில் நமக்கு ஒரு பெரிய வரம் இருக்கிறது. நாம் தேடும் பொருளே ரத்தத்தின் நிறத்தை மாற்றுகிறது, துடிப்போடு ஆடவும் செய்கிறது. சர்க்கரைக்கு அந்த வரம் இல்லை. சர்க்கரை 100 என்றால் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு லிட்டரில் 1 கிராம். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நிறமற்றது. அகச்சிவப்பில் அதன் தடயம் நீரின் பெரிய உறிஞ்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் மாறினால் நீரின் பட்டை நகர்வதே சர்க்கரையின் தடயத்தை மூழ்கடித்துவிடும். முடியாது என்று சொல்லவில்லை, நல்ல ஆட்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கைக்கடிகாரமோ மோதிரமோ தானாகச் சர்க்கரை அளக்கும் என்று விற்பதை நம்ப வேண்டாம் என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி எதற்கும் அவர்கள் அனுமதி கொடுத்திருக்கவில்லை. அந்த எண்ணை நம்பி ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தரவைப் பிரிக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரே ஆளின் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் போடாதீர்கள். சோதனையில் வரும் ஆளை மாடல் அதற்கு முன் பார்த்திருக்கவே கூடாது. வேறு நாள், வேறு ஆள், வேறு வெப்பநிலை.

தரவுப்பிரியன்:

தண்ணீர் குடித்துப் பதிவு செய்தேன். ஏறி இறங்கியது. நேற்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது. கடிகார நேரத்தையும் தோலின் வெப்பத்தையும் தனியாகப் பதிவு செய்து, முதலில் அவற்றை வைத்து மட்டும் எவ்வளவு 'கணிக்க' முடிகிறது என்று பார்க்கப் போகிறேன். அதைத் தாண்டி ஒளி என்ன கூடுதலாகச் சொல்கிறதோ, அது மட்டும்தான் என் கணக்கு.

இளந்தளிர்:

பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து ஒரு தகவல், இதே பிரச்சினையின் இன்னொரு முகம். மஞ்சள்காமாலைக்குக் குழந்தையின் நெற்றியிலோ நெஞ்செலும்பின் மேலோ ஒளிக்கருவியை வைத்து, தோலை மஞ்சளாக்கும் பிலிருபினை அளக்கிறோம். 1980-இலிருந்து இருக்கும் முறை. குத்தாமல் அளக்க முடிவதால் குழந்தைக்கு எவ்வளவோ நிம்மதி.

ஆனால் ஒளிச்சிகிச்சை கொடுக்கும் குழந்தைக்கு இது பொய் சொல்லும். நீல விளக்கு தோலில் இருக்கும் பிலிருபினை முதலில் வெளுக்கச் செய்கிறது, ரத்தத்தில் அளவு அவ்வளவு இறங்கியிருக்காது. கருவி பார்ப்பது தோலை, நமக்கு வேண்டியது ரத்தம். அதனால் சிகிச்சை நிறுத்தி 24 மணி நேரமாவது கடந்த பிறகே திரும்ப வைக்கிறோம். 2022-இல் வந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலில் ஒரு நல்ல விதி இருக்கிறது. தோல் அளவு சிகிச்சை தொடங்கும் எல்லைக்கு (டெசிலிட்டருக்கு) 3 மில்லிகிராமுக்குள் வந்துவிட்டாலோ, 15-ஐத் தொட்டாலோ, ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். கருவியின் பிழை எவ்வளவு என்று தெரிந்து, அந்தப் பிழை முடிவை மாற்றக்கூடிய இடத்தில் மட்டும் ஊசி. எனக்கு இது துல்லியத்தைக் கூட்டும் வழியாகவே படுகிறது, கருவிக்குள் எதையும் மாற்றாமலே.

இரவுப்பணி:

சரியாகச் சொன்னீர்கள். புகையில் சிக்கி வருபவர்களுக்கும் எங்களிடம் அப்படி ஒரு விதி உண்டு. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தம் கருவிக்கு ஆக்சிஜன் ஏறியது போலவே தெரியும், 98 என்று காட்டும். அவர்களுக்கு எண்ணைப் பார்ப்பதே இல்லை, நேரே ரத்தம்தான்.

கார்முகில்:

ஒரு வாரம் ஆயிற்று. செய்ததைச் சொல்கிறேன்.

துணிக் கிளிப்பின் ஸ்பிரிங்கைக் கழற்றி அதைவிட மென்மையான ஒன்றைப் போட்டேன். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு நுரை, மேலே கறுப்புத் துணி. கையை மேசையில் இதய உயரத்துக்கு வைத்து, 2 நிமிடம் சும்மா இருந்த பிறகு பதிவு. மின்னோட்டத்தை உச்சத்திலிருந்து இறக்கி, இரண்டு நிறத்தின் நிலையான பகுதியும் அளவெல்லையின் நடுவில் வருமாறு வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் தனியாக ஆர் கணக்கிட்டு, அலை உருவம் முந்தையவற்றோடு ஒத்துப்போகாத துடிப்புகளைத் தள்ளிவிட்டேன். சராசரிக்குப் பதில் நடு மதிப்பு.

அலை இப்போது வேறு மாதிரி இருக்கிறது. இறங்கும்போது வரும் அந்தச் சின்னக் குழிவுகூடத் தெரிகிறது. எண் 97-க்கும் 98-க்கும் நடுவில் நிற்கிறது. எந்த இடத்திலும் எதையும் கூட்டவில்லை. தேவையில்லாத துடிப்புகளைத் தள்ளியதில் கிடைத்ததைவிட, பிடிப்பானை மாற்றியதில் கிடைத்ததுதான் அதிகம். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. நான் ஒத்துப்பார்த்தது இன்னொரு ஒளிக்கருவியோடு. அதுவும் என் தோலில் மட்டும், 98 பக்கத்தில் மட்டும். 88-இல் என் கருவி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் அப்பாவுக்கு வாங்கிய கருவியையேதான் மாட்டுகிறோம். அதிலும் இனி அலையைப் பார்த்த பிறகுதான் எண்ணைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, நண்பர்கள் சிலரின் விரலில், வெவ்வேறு நிறத் தோலில் பதிவு எடுக்கப் போகிறேன். ஆக்சிஜன் அளவைச் சொல்ல இல்லை, சிக்னல் எப்படித் தேய்கிறது என்று பார்க்க. மூலப் பதிவுகளை இங்கேயே போடட்டுமா?

நாடிக்கணக்கு:

போடு. எண்ணை மட்டும் போடாமல் இரண்டு நிறத்தின் மூல அலையையும் போடு. ஒவ்வொரு வரியிலும் எல்இடி மின்னோட்டம், சிப்பின் வெப்பநிலை, எந்த விரல், அளந்த இடத்தில் தோலின் நிறக் கோணம் எல்லாம் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். பெயர் வேண்டாம். நீ தள்ளிவிட்ட துடிப்புகளையும் அழிக்காமல் குறியிட்டு வை, யாருடைய விரலில் அதிகம் தள்ளுகிறாய் என்று முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.